நாற்பத்திரண்டு கேள்விகளும் ஒரு ஜீப்பும்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் மிளகுக்கொடிகளுக்கு மருந்து தெளித்து முடித்தோம். பிறகு ஆறு கிலோமீட்டர் இறங்கித் தார் ரோட்டுக்குப் போய், புஷ்பத்துக்கு மாத்திரை வாங்கினேன். அங்கிருந்தே கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டு மகன் கிளமென்டுடன் சற்று நேரம் பேசினேன். பொதுவான விஷயங்கள்.

மாலையில் அவனே கூப்பிட்டான். புஷ்பம் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, அப்பா, ரெண்டு பேரும் கேளுங்க. அக்டோபர் பத்துக்குள்ள வாசல்ல சொந்தமா ஒரு ஃபோர் வீல் வண்டி நிக்கணும். இல்லேன்னா மழைக்கு முன்னாடி இங்க வந்துடணும். இதுக்கு மேல பேச்சே கிடையாது.”

“உன் ஆறாவது மாடியில எனக்கு என்னடா வேலை? நான் வரமாட்டேன்.”

“அப்ப வண்டி வாங்குங்கம்மா.”

“வாங்குறோம்,” என்றாள், என்னைப் பார்க்காமலே.

பெற்றவர்களிடம் பேசுகிற தொனியா இது? எழுபத்தொரு வயதுக்காரனுக்குக் கெடு வைக்கிறான். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். தவணை தவறிய பேராசிரியருக்குக்கூட இப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பியதில்லை.

ஆனால் தேவை உண்மைதான். கரடிப்பாறையில் இருக்கும் இந்த இரண்டு ஏக்கர் காப்பித்தோட்டம் புஷ்பத்தின் அப்பா விட்டுப்போனது. நான் ஓய்வு பெற்றதும் அவள் ஆசைப்பட்டு இங்கே வந்தோம். இங்கிருந்து தார் ரோடு வரை கல்லும் சேறும். நடுவில் ஓர் ஓடை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி தவிர வேறு எதுவும் ஏறாது. ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். அவளுக்கு இதயம் பலவீனம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சென்ற நவம்பர் 16 அன்று அவளுக்கு மூச்சு முட்டியபோது நான் உதவிக்குப் போனேன். வண்டி கிடைக்கவில்லை. வாடகை ஜீப் ஓட்டும் பெருமாள்சாமி அன்று சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். காப்பி பறிக்க வந்த நான்கு பேர் அவளைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மனிதனை நம்பி ஒரு மலையே இருக்கிறது, அந்த மனிதனுக்கு அந்த எண்ணமே இல்லை. இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது?

கையில் இருப்பது மூன்றரை லட்சம். பழைய ஜீப்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

பழைய வண்டி வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்தேன். நாற்பது தேறியது. சேசிஸ் எண், துரு, புகையின் நிறம், எஃப்.சி. தேதி, இத்யாதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். கார்பன் வைத்து எழுதுவேன். மேல்பிரதி எனக்கு, கீழ்ப்பிரதி வண்டிக்காரருக்கு. நூலகத்தில் எந்தச் சோதனைக்கும் அதுதான் முறை.

“பொண்ணு பாக்கப் போறப்பகூட நீங்க இவ்வளவு கேக்கல,” என்றாள் புஷ்பம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வத்தலக்குண்டு. புரோக்கர் தங்கபாண்டி ஒரு பச்சை ஜீப்பைக் காட்டினான். அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். விரலால் தொட்டேன், விரல் கறுப்பானது. கட்டை விரலால் அழுத்தினேன். தகடு உள்ளே போனது. இருபத்தாறு வருட வண்டி ஓடியது முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தானாம்.

“ஒரு லேடி டாக்டர் வச்சிருந்தது சார். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாங்க.”

“அப்படியா,” என்றேன்.

“உங்களப் பாத்தா படிச்சவரா இருக்கீங்க. உங்ககிட்ட பொய் சொன்னா எனக்குச் சோறு இறங்குமா?”

“சரிங்க,” என்றேன். அவன் குடித்த டீக்கும் நானே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நான் சொல்லியிருக்க வேண்டியது இது: அய்யா, துருவுக்குப் பெயின்ட் அடித்து மலைக்காரனுக்கு விற்பதும் விஷத்துக்கு லேபிள் மாற்றி விற்பதும் ஒன்றுதான். இந்தத் தகடு பெயர்ந்தால் விழப்போகிற பள்ளத்தின் ஆழம் உனக்குத் தெரியுமா? இந்த வாக்கியங்கள் பஸ் சித்தரேவு தாண்டியபோதுதான் வந்தன. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்னும் கோபம் தீரவில்லை. விரலில் கறுப்பும் போகவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று மயிரிழையில் தப்பினேன். 

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்காரரின் ஜீப். துரு இல்லை. புகை இல்லை. ஃபோர் வீல் போடுகிற லிவரை நானே மூன்று முறை தள்ளிப் பார்த்தேன். ‘டக்’ என்று விழுந்தது. கேள்வி 17, லிவர் இயங்குகிறதா: டிக். முன்பணம் எடுக்கச் சட்டைப்பையில் கைவைத்தேன். துணைக்கு அழைத்துப் போயிருந்த மெக்கானிக் காஜா பாய் வண்டிக்கடியில் படுத்தவர், படுத்தபடியே கூப்பிட்டார்.

“அய்யா, இங்க கொஞ்சம் குனிங்க. மேல குச்சி இருக்கு, நல்லா ஆடுது. கீழ முன்பக்கம் ஷாஃப்டே இல்ல. டீசல் மிச்சம் புடிக்கக் கழட்டி எடைக்குப் போட்டுட்டாக.”

நான் குனிந்து பார்த்தேன். முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோக வேண்டிய தண்டு இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. பின்சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். மற்ற இரண்டும் கூடவே உருளும். சூளைக்காரரிடம், “இது ஃபோர் வீல் என்றீர்களே,” என்று கேட்டேன். அவ்வளவு கேட்டதே என் அளவில் பெரிய சண்டை.

“நாலு வீலு இருக்குல்ல சார்? எண்ணிப் பாருங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காஜா பாய் மட்டும் சிரிக்காமல், “இத வாங்கி ஓடையில எறக்கினா அம்மாவ வச்சுக்கிட்டு நடுவுல நிப்பீக,” என்றார்.

அந்தச் சூளைக்காரர்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பாதி என்மேலும் வர வேண்டும். முப்பத்துமூன்று வருடம் அட்டவணையில் சீட்டு இருந்தால் அலமாரியில் புத்தகம் இருக்கும் என்று நம்பியவன், லிவர் இருந்தால் தண்டும் இருக்கும் என்று நம்பிவிட்டேன். அலமாரிக்குப் போய்ப் பார்க்கிற வேலையை எப்போதும் வேறு யாரோதான் செய்தார்கள்.

கேள்வி 41 சேர்த்தேன்: முன் ஷாஃப்ட் கண்ணால் பார்க்கப்பட்டதா?

ஆகஸ்ட் 30, சனி

புஷ்பத்தின் கணுக்காலில் வீக்கம். அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்புகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னேன். “ஜீப் பாக்குற மாதிரி என்னை அழுத்திப் பாக்காதீங்க,” என்றாள்.

வெண்டை நட்டோம்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். கீழே மடத்துச் சிஸ்டர்கள் தங்கள் பழைய ஜீப்பை விற்கிறார்களாம். பூசை முடிந்து பங்குச்சாமியார் சொன்னார். புஷ்பத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “சிஸ்டருங்க பெயின்ட் அடிச்சு ஏமாத்தமாட்டாங்க,” என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கேள்வித்தாளை மீண்டும் வாசித்தேன். ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது. சேர்த்தேன். ஆக நாற்பத்திரண்டு.

செப்டம்பர் 10, புதன்

மடத்து ஜீப். வெள்ளை. ஒரு கையும் மாறாத வண்டி. சிஸ்டர் எமிலி பதினான்கு வருடமாகத் தானே ஓட்டி மலைக்கிராமங்களுக்கு மருந்து கொண்டு போயிருக்கிறார். ஆயில் மாற்றிய தேதி ஒவ்வொன்றையும் செபப்புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். காஜா பாய் அடியில் படுத்து எழுந்து, “அய்யா, ஷாஃப்ட் இருக்கு. கிரீஸோட இருக்கு. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்,” என்றார்.

நான் கண்ணை மூடவில்லை. இரண்டு மணி நேரம் பார்த்தேன். சிஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பூசணிக்காய் வாங்குற மாதிரி தட்டித் தட்டிப் பாக்குறீங்களே ஐயா. ஓட்டிப் பாருங்க, வாங்க.”

“வேண்டாம் சிஸ்டர். கால் வலி.”

“லைசன்ஸ் இருக்குல்ல?”

“இன்னும் இரண்டு வருடம் செல்லும்.”

சிரித்தார். எதற்குச் சிரிக்க வேண்டும்? நாற்பத்தொரு கேள்விக்கு டிக் போட்டேன். கீழ்ப்பிரதியை முறைப்படி அவரிடம் கொடுத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

“என்ன ஆச்சு?” என்று வாசலிலேயே கேட்டாள் புஷ்பம்.

“வெள்ளை நிறம். இந்தச் சேற்றுக்குப் பொருந்தாது.”

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.  வெள்ளையில் சேறு தெரியும் என்பது உண்மைதானே.

செப்டம்பர் 15, திங்கள்

சிஸ்டர் எமிலி கூப்பிட்டார். வேறு ஆட்கள் கேட்கிறார்களாம், எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாராம். புரோக்கர்கள் சொல்கிற அதே வசனம். துறவறத்தில் இருப்பவர் இப்படி நெருக்கலாமா? இன்னும் யோசிக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

பெருமாள்சாமியின் ஜீப்பில் புஷ்பத்தை டாக்டரிடம் காட்டி வந்தேன். அவன் வண்டியின் இடதுபக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறான். பிரேக் பிடித்தால் ஆடு கத்துவதுபோல் சத்தம். வாங்குவது மட்டும் விமான டிக்கெட் வாடகை. மழைக்காலத்தில் மலையில் இருக்க வேண்டாம் என்றார் டாக்டர். “அப்படித்தான் நானும் நினைக்கிறேன்,” என்றேன். புஷ்பம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டருக்கு மரியாதையாகச் சொன்ன வார்த்தை அது, வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 27, சனி

இன்று மத்தியானம் வாசலில் ஹாரன். வெள்ளை ஜீப். மடத்து ஜீப். உள்ளிருந்து இறங்கியது பெருமாள்சாமி!

“சார், இனிப்பு எடுத்துக்கங்க. எல்லாம் உங்க புண்ணியம்.”

“என் புண்ணியமா?”

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். என் கையெழுத்து. என் கார்பன் பிரதி.

“சிஸ்டரு இதக் காட்டுனாங்க. லைப்ரரி சாரே பாத்து நாப்பத்தொண்ணு டிக்கு போட்டிருக்காரு, அப்புறம் நான் என்னத்தப் பாக்கன்னு அட்வான்ஸக் குடுத்துட்டேன். கடைசி ஒண்ணுதான் வெறுமனே கிடந்துச்சு. ‘ஓட்டுநர் யார்’னு. நாந்தான் ஓட்டுநரு, நானே டிக்குப் போட்டுக்கிட்டேன்.”

என் உழைப்பு, என் இரண்டு மணி நேரம், என் கேள்விகள்! அதை வைத்து இவன் வாங்குவதா? சென்ற வருடம் ஒரு மனித உயிரை நடுவழியில் விட்டவன்! என் வாழ்க்கையில் முதல்முறையாக, பஸ் ஏறிய பிறகு அல்லாமல் அங்கேயே எனக்கு வார்த்தை வந்தது.

“நவம்பர் பதினாறாம் தேதி நீ எங்கே போயிருந்தாய், பெருமாள்சாமி?”

அவன் விழித்தான். “நவம்பர் பதினாறா? அம்மாவத் தூக்கிட்டு வந்த அன்னைக்கா? நான் எங்க சார் போனேன்? பத்து மணியில இருந்து தார் ரோட்டுலதான் வண்டியப் போட்டுக்கிட்டு நின்னேன். அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே நாந்தான? நீங்களும் பின்னால உக்காந்து வந்தீங்களே. அதுக்கு முன்னாடி நீங்க அந்தப் பக்கம் வரவே இல்லையே சார்.”

புஷ்பம் கதவருகில் நின்றிருந்தாள்.

மிளகுக்கொடிக்குக் கயிறு கட்ட வேண்டியிருந்தது. போய்விட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புஷ்பம் கேள்வித்தாளின் மேல்பிரதியைக் கேட்டாள். கண்ணாடி போட்டு ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை வாசித்தாள்.

“வெள்ளை நிறம்னு இதுல கேள்வியே இல்லையேங்க.”

“நிறம் ஒரு பொதுக் கருத்து.”

“பெருமாளோட பழைய வண்டி சும்மாதான நிக்குது. அதக் கேளுங்க.”

“அதில் கதவையே கயிற்றால் கட்டியிருக்கிறான்!”

“கயிறு நம்ம வீட்டுலயும் இருக்கு,” என்று தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

நவம்பரைப் பற்றி அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 4, சனி

பெருமாள்சாமியின் பழைய ஜீப்பைப் பார்த்தேன். பத்தொன்பது கேள்விக்குத் தேறவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிறது. அடியில் நானே படுத்துப் பார்த்தேன். கையிலிருந்ததில் பாதிக்கும் குறைவாகவே கேட்டார். புஷ்பம் கூடவே வந்திருந்ததால் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல முடியவில்லை.

நாற்பத்திரண்டாவதில் என் பெயரை எழுதினேன். அவளிடம் காட்டவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

காப்பிக் களத்தில் ஓட்டிப் பழகுகிறேன். முன்னால் போகிறது. பின்னால் எடுத்தபோது தண்ணீர்த்தொட்டியின் ஒரு மூலை போய்விட்டது.

அக்டோபர் 9, வியாழன்

மழை பிடித்துவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது. நான் உள்ளே இருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இதை வரிசையாக எழுத வேண்டும்.

மாலையில் கிளமென்ட் கூப்பிட்டான். புஷ்பம் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் முன்கூட்டியே மனத்தில் எழுதி வைத்திருந்த வாக்கியங்களைச் சொன்னேன். வண்டி வாங்கியாயிற்று. நாங்கள் இங்கேதான் இருப்போம். பெற்றவர்களுக்குக் கெடு வைக்கிற வேலையை இனி வைத்துக்கொள்ளாதே. குரல் எனக்கே புதிதாக இருந்தது. நியாயமான கோபத்துக்கு ஒரு கம்பீரம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.



“அப்பா, என்னப்பா இது? நீங்கதான என்ன அப்படிச் சொல்லச் சொன்னீங்க? தார் ரோட்டுல இருந்து போன் பண்ணி, ‘நான் சொன்னா அம்மா கேக்கமாட்டா, நீ கெடு வை, பழைய வண்டி ஒண்ணும் தேறாது, தானா வந்துடுவா’ன்னு…”

புஷ்பம் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “கிளமென்ட், அப்புறம் பேசு,” என்று அணைத்துவிட்டாள்.

 ஒன்றிரண்டு வெங்காயத்துக்குப் பிறகு கேட்டாள்.

“அன்னைக்கு எதுவரைக்கும் போனீங்க?”

சொன்னேன். ஓடை வரை. தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போனது. கரையில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதால் சரியாகத் தெரியும். எதிர்க்கரையில் காப்பி பறிக்கிறவர்கள் வந்தார்கள், கைகோத்து இறங்கினார்கள், என்னைத் தாண்டி வீட்டுப்பக்கம் போனார்கள். அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது அவர்களுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நானும் கடந்தேன். வண்டி கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னேன். சொல்லச் சொல்ல அது நடந்ததுபோலவே ஆகிவிட்டது. பெருமாள்சாமிமேல் வந்த கோபம்கூட உண்மையாகவே வந்தது.

“தண்ணி எவ்வளவு?”

“முழங்காலுக்கு மேல்.”

“நீங்க தனியா இறங்கியிருந்தா அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும். நிக்காம என்ன செய்வீங்க?” என்றாள். எனக்குக் கண் கலங்கியது. அவளுக்குக் கலங்கவில்லை. அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளிவிட்டு என் முகத்துக்கு நேரே திரும்பினாள். நாற்பத்து நான்கு வருடத்தில் அவள் அப்படிக் குரல் உயர்த்திக் கேட்டதில்லை.

“அத விடுங்க. நீங்க பயந்ததுக்கு நான் எதுக்குங்க கோயம்புத்தூர் போகணும்? ஆம்பளைக்குப் பயம் வந்தா பொம்பள வீட்டக் காலி பண்ணணுமா? எம்புள்ளைய விட்டு என்ன மிரட்டுறீங்க? என்கிட்ட வந்து ‘புஷ்பம், எனக்கு பயமா இருக்கு’ன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்து போயிருமா?”



“எனக்குப் பயமாக இருக்கிறது,” என்றேன்.

“இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர். நீங்க ஓட்டுங்க. பெருமாளக் கூப்பிட்டீங்கன்னா நான் நடந்தே போயிடுவேன்.”

சாப்பாடு போட்டாள்.

அக்டோபர் 11, சனி

ஓட்டினேன்.

முதல் கியர்தான், நான்கு சக்கரமும் இழுக்க. அவள் கயிற்றுக் கதவுப்பக்கம் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.  ஓடையில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு இருந்தது. என் கால் பெடலில் தடதடவென்று அடித்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்திருக்கும். வண்டி ஏறிவிட்டது. நான் எதுவும் செய்ததாக நினைவில்லை.

ஓடைக்கு அப்பால் இரண்டாவது வளைவில், ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம், எதிரே வெள்ளை ஜீப் ஏறி வந்தது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் பின்வாங்கி வழிவிட வேண்டும். மலையில் எல்லோரும் மதிக்கிற வழக்கம் அது. அந்த ஜீப்பின் பின்சீட்டில் மூட்டைகளோடு ஆட்கள் வேறு. பெருமாள்சாமி ஹாரன் அடித்தார். நான் ரிவர்ஸ் கியரைத் தேடினேன். மூன்று முறை மூன்று வேறு சத்தம் வந்தது. வண்டி பள்ளத்துப் பக்கமாக ஒரு முழம் முன்னால் போனது. பிரேக்கை மிதித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். அடுத்த ஹாரனுக்கு அழுதிருப்பேன்.

புஷ்பம் தலையை வெளியே நீட்டினாள்.

“ஏப்பா பெருமாளு! நீயே பின்னால எடு. சாருக்கு இன்னும் ரிவர்ஸ் வரல.”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அந்த வளைவு முழுக்கப் பின்னாலேயே எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் கடக்கும்போது, “அடுத்த வாரம் கத்துக் குடுத்துர்றேன்மா,” என்றார்.

“என்கிட்ட சொல்லாத. அவருகிட்டச் சொல்லு,” என்றாள் புஷ்பம்.

செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.